அப்புவின் கொப்பி

பேசாலையில் எங்கள் அப்புவை ஊரார் அண்ணாவியார் என்றே அழைத்தனர். மன்னாரில் கூத்துப் பழக்குபவருக்கும் அதுவே பெயர். அப்புவோ ஒருநாளும் கூத்தாடியதில்லை. பகலில் கரைவலை இழுப்பார். குருவானவர் வர இயலாத நாள்களில் செபமாலையை முன்னின்று சொல்வதும், தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் பிசகாது படிப்பதும் அவருடைய பணி. பிரசங்கம் முழுவதையும் தம் கைப்பட எழுதிய நீல மட்டைக் கொப்பியொன்று அவரிடம் இருந்தது.

இப்பணியின் வேரைத் தேடிச் சென்றால் கடல் கடந்து வந்த ஒரு பயணத்தை அடைகிறோம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றி இருந்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார், தமிழ் கற்று, ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். இரவிலே வீடு வீடாகச் சென்றார். ஆயினும் ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் செல்லக்கூடும்? அவர் அகன்றபின் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், இறப்பவருக்குத் துணைநிற்கவும் மூப்பரும் அண்ணாவிமாரும் ஊருக்குள்ளிருந்தே எழுந்தனர். முத்துக்குளித்துறையில் சவேரியார் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தியதும் இத்தகைய தேவையினாலேயே. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இவர்கள் கையில் நூல்களைக் கொடுத்தார். வியாகுலப் பிரசங்கம் அவற்றுள் ஒன்று. பயிற்சி என்றதும் இன்று கருத்தரங்கும் சான்றிதழும் நினைவுக்கு வருகின்றன. அப்பு பெற்ற பயிற்சியோ, தம் தகப்பனின் அருகிலிருந்து கேட்டதுதான்.

1990இல் போர் எங்களைத் துரத்தியது. எனக்கு அப்போது பத்து வயது. இரவில் வள்ளமேறி இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கினோம். அப்பு கொப்பியை மெழுகுசீலையில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். பிள்ளைக்கு இரண்டு சட்டை எடுத்திருக்கலாமே என்று ஆச்சி ஏசினார். அதில் நியாயம் இல்லாமலில்லை.

அடுத்த தவக்காலத்தில், குடியிருப்புகளுக்கு இடையிலிருந்த வெளியில் அப்பு பிரசங்கம் படித்தார். கேட்டு அழுதவர்கள் யேசுவின் பாடுகளுக்காக மட்டும் அழவில்லை. மூன்றாம் நாள் அவருடைய தொண்டை அடைத்துக்கொண்டது. கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"படி, மோனே."

"எனக்கு ராகம் தெரியாது, அப்பு."

"சுவாமி இல்லாமலும் கோயில் நடந்தது. நான் இல்லாட்டில் நடவாதோ? படி."

நான்கு வரி படித்தேன். ஐந்தாவது வரியில் குரல் உடைந்தது, பையன்கள் சிரித்தனர். கொப்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி எஞ்சியதை மனப்பாடமாகவே சொல்லி முடித்தார். எங்கள் ஊரில் பெண்கள் முன்னின்று படித்ததை நான் கண்டதில்லை. அன்று அதை எவரும் பேசவுமில்லை.

ஊர் திரும்பிய பின் அப்பு கொப்பியை அவரிடமே கொடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் துணிந்து கூறமுடியவில்லை.

2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, பிற்பகலில் மடுவுக்கும் வந்தார். மடுவின் பெருங்கூட்டத்தில் நானும் நின்றேன். அப்பு அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

சென்ற தவக்காலத்தில் பேசாலைக்குப் போனேன். அப்பெண்ணின் மகள் படித்துக்கொண்டிருந்தாள். கையில் அதே நீல மட்டை. கடைசி வரிசையில் அமர்ந்து, என்னுடைய நான்கு வரிகள் வரும்வரை காத்திருந்தேன்.