ஆணி ஒன்று, காலண்டர் ஆறு

தை பிறப்பதற்குள் ஒரு வீட்டுக்கு ஐந்தாறு காலண்டர்களாவது வந்துவிடும். நகைக்கடையில் ஒன்று, மளிகைக்கடையில் ஒன்று, மருந்துக்கடை, அடகுக்கடை, பாத்திரக்கடை என்று பை நிறையும். சுவரில் ஆணி ஒன்றுதான். அதில் மாட்டப்படாதவை சுருட்டிய வாக்கிலேயே பீரோவின் தலையில் கிடக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகும். அந்த ஓர் ஆணியைப் பிடிப்பது எப்படி என்பதுதான் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்காரர்களின் விளம்பர மூளைக்கு வேலை.

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அங்கே போயிருந்தேன். அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடி 18 அன்று பூஜை போட்டு வெளியிடுவது இத்தொழிலின் வழக்கம். பிறகு ஏஜென்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். ஆர்டர் சேரச் சேர, மார்கழி வரை இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. யோசிக்க அவகாசம் இருப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

ஆல்பத்தைப் புரட்டினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதே முருகன், அதே மகாலட்சுமி, அதே வேளாங்கண்ணி மாதா, அதே மக்கா. இதில் புதுமை எங்கே என்று கேட்கத் தோன்றும். படத்தில் புதுமை காட்ட இங்கே யாரும் துடிப்பதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. தென்தமிழ்நாட்டின் காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976). நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அதனாலேயே அவருடைய தெய்வங்கள் மேடையில் நிற்பதுபோல் நம்மை நேருக்கு நேர் பார்க்கும், பின்னால் மலையும் அருவியுமாகக் காட்சி விரியும். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த அந்த முகத்தோடு மக்கள் பழகிவிட்டார்கள். புருவத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் “இது நம்ம முருகன் மாதிரி இல்லையே” என்பார்கள். ஆக, படம் கைவைக்கக் கூடாத இடம். கற்பனைக்கு மிச்சம் இருப்பது அட்டையின் கீழ்ப்பட்டையும் தேதித்தாளும்தான்.

விளம்பரத் தொழிலின் பழைய கையேடு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஜே. வால்டர் தாம்ப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெப் யங் 1940-இல் வெளியிட்ட மெல்லிய நூல் அது. யோசனை என்பது ஏற்கெனவே உள்ள சங்கதிகளைப் புதிதாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் என்பது அவர் கட்சி. சிவகாசி அதற்கு வெகுநாள் முன்பிருந்தே அப்படித்தான் பிழைக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு, காலண்டருக்கும் கைகொடுத்தது. எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிச் சரக்குக் கேட்ட சந்தை அது. அணில் மார்க், சேவல் மார்க் என்று பட்டாசு கேட்பவர்கள் இன்றும் உண்டு.

நான் போயிருந்த அச்சுப் பட்டறையின் வடிவமைப்பாளர் முன்னால் வாட்ஸ்அப்பில் வந்த ‘மேட்டர்’கள் வரிசைகட்டி நிற்கின்றன. சாமி படம் போட்ட அட்டை மொத்தமாக அச்சாகியிருக்கும். கடையின் பெயரும் விலாசமும் ஆர்டருக்கு ஏற்பத் தனியாக ஏறும். நாலு விரல் அகலப் பட்டை. அதில் கடைப் பெயர், உரிமையாளர் பெயர், மகன் பெயர், கிளைகள், ஐந்து கைபேசி எண்கள், “எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை” என்ற எச்சரிக்கை எல்லாம் வேண்டும் என்பார் கடைக்காரர். வடிவமைப்பாளரின் கலையில் பாதி, பணிவாக மறுப்பது. “அண்ணாச்சி, எட்டி நின்னு பாத்தா பேரு மட்டும் தெரியணும்” என்று போனில் சொல்லிக்கொண்டே இரண்டு எண்களை நீக்குகிறார்.

மீதிப் பாதி, பார்ப்பவர் யார் என்று யோசிப்பது. காலண்டரை மாட்டுவது கடைக்காரர் அல்ல, வாடிக்கையாளர். கடைக்காரர் பிள்ளையார் பக்தராக இருக்கலாம். எல்லா மதத்தாரும் வந்துபோகும் கடையென்றால் சிரிக்கும் குழந்தையோ ரோஜாவோதான் எல்லாச் சுவரிலும் ஏறும். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் நாள்காட்டிக்கு ஓவியர் எம்.வி. துரந்தர் குழந்தைக் கண்ணனை வரைந்தது, பார்ப்பவரை மனதில் வைத்து யோசித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம். குழந்தை மருந்து, குழந்தைத் தெய்வம். அதற்குமேல் விளக்கம் எதற்கு?

பயன்பாடு இன்னும் பெரிய தூண்டில். மாதக் காலண்டரின் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பால் கணக்கு எழுத இடம் விட்டவர் யாரோ, அவரை விளம்பர மேதை என்றே சொல்வேன். பேனாவும் கையுமாக இல்லத்தரசி தினமும் அந்தக் கடைப் பெயரின் முன்னால் வந்து நிற்கிறார். தினசரித் தாளில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், பின்பக்கம் கைவைத்தியம். பெரியவர்களுக்காகத் தேதி எண்ணைப் பெரிதாக்கினால் சில கடைகளுக்கு அதுவே தனி அடையாளம். டயர் நிறுவனமான மிஷெலின் 1900-இல் கார் ஓட்டிகளுக்கு இலவசமாக வழிகாட்டி நூல் கொடுத்ததும், மது ஆலையான கின்னஸ் 1955-இல் சாதனைப் புத்தகம் போட்டதும் இதே கணக்குத்தான். தூக்கிப்போட மனம் வராததைக் கொடு, உன் பெயர் அதோடு தங்கிவிடும்.

எல்லாப் புது யோசனையும் தேறுவதில்லை. இப்போது க்யூஆர் கோடு போட்டுக் கேட்கிறார்கள். ஏழடி உயரத்தில் மாட்டிய காலண்டரை ஸ்கேன் செய்ய யார் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள்? கேட்டதைப் போட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்கூடத்தில் தாள்கட்டை அட்டையில் வைத்துப் பின் அடிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விளம்பரம் என்ற சொல்லே அங்கே காதில் விழவில்லை. ஆனால் பின் சரியாக இறங்கவில்லையென்றால் பங்குனியிலேயே கட்டு கழன்று விழும், “கடைக்காரன் கொடுத்த லட்சணம்” என்று வீட்டில் பேச்சு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடித்ததை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கையில் எடுக்கிறார்கள். விளம்பர நிறுவனங்களின் குளிரறைகளில் இந்தச் சோதனையை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு மருந்துக்கடை ஆர்டரின் புரூப் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. மருந்து தீரும் நாளைக் குறித்துவைக்க மாதக் கட்டத்தில் சிறு வட்டம் போடலாம் என்று வடிவமைப்பாளர் சொன்ன யோசனை கடைக்காரருக்குப் பிடித்துவிட்டது. கூடவே நீக்கிய இரண்டு எண்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தார், மச்சினர் எண்ணையும்.