நிறமில்லா மருதாணியும் அம்மாவின் இத்தாவும்



அத்தா வஃபாத்தாகி இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அம்மா குரோம்பேட்டை வீட்டில் இத்தா இருந்தார்கள். இடுப்பு வரை நீண்ட அவர்களுடைய கூந்தல் சிக்குப் பிடித்துச் சடையாகத் திரண்டிருந்தது. உச்சந்தலையில் ஓயாத அரிப்பு வேறு. இத்தாவில் தலை சீவுவதும் கூடாது என்று யாரோ சொல்லிச் சென்றதை அம்மா அப்படியே நம்பியிருந்தார்கள்.

நிலைமையைக் கண்ட தம்பி மனைவி, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கத்தில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். "நிறமில்லாத மருதாணியாம் மச்சி. முடி மிருதுவாகுமாம், மாமிக்குப் போடலாமா?" என்றாள். நான் பொட்டலத்தைத் தொட்டும் பாராமல், "இத்தாவில் மருதாணி கூடாது" என்று முடித்துவிட்டேன். பல ஆண்டுகளாக மாணவிகளுக்கு ஃபிக்ஹு நடத்தும் வாய்க்கு விடை எளிதாக வந்துவிடுகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொட்டலத்தை எடுத்துப் படித்தேன். உள்ளே இருந்தது மருதாணியே அன்று. அது சென்னா இத்தாலிக்கா என்னும் செடியின் இலைத்தூள். திருநெல்வேலிச் சீமையில் விளையும் நம் நிலாவாரைக்கு உறவுச் செடி. மருதாணியைச் சிவக்க வைக்கும் லாசோன் என்னும் சாயப்பொருள் இதில் இல்லை. இலைத்தூளைக் குழைத்துப் பூசும் முறை ஒன்றாக இருப்பதால், வணிகர்கள் மருதாணியின் பெயரை இதற்கும் சூட்டிவிட்டனர். பெயரைக் கேட்டே நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்!

கணவரை இழந்து இத்தாவிலிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம், நறுமணமும் மருதாணியும் இட்டுத் தலைவார வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. மருதாணி சாயம் என்பதே அதில் கூறப்படும் காரணம். அப்படியானால் எதைக் கொண்டு வாருவது என்று அன்னையவர்கள் கேட்க, இலந்தை இலையைத் தலையில் பூசிக்கொள்ளுமாறு விடை கிடைக்கிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் துக்கத்திலிருக்கும் பெண் சாயம் பூசுவது வேறு, தலையைத் தூய்மை செய்வது வேறு என்னும் தெளிவு அதில் இருக்கிறது.

சாயமில்லையெனில் தடையும் இல்லை என்று காலையில் மகிழ்ந்தேன். ஆனால் அம்மாவின் தலை முக்கால்வாசி வெண்மை. இந்தத் தூளில் மஞ்சள் தரும் பொருளொன்று சிறிதளவு உண்டு. கருமுடியில் அது தெரியாது, நரையில் பொன்னிறமாக ஒட்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்து நெடுநேரம் வைத்தால் இன்னும் அழுத்தமாக ஒட்டும். சீப்பில் சிக்கிய அம்மாவின் நரைமுடியைச் சில மணி நேரம் குழம்பில் ஊறவைத்துப் பார்த்தேன். வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. ஆகவே முதலில் சொன்ன விடையே நின்றது. நான் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

(இத்தாவில் இல்லாத சகோதரிகள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெந்நீரில் தயிர்ப் பதமாகக் குழைத்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும். முடி வறண்டால் சிறிது தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள். கடமையான குளிப்பின்போது தூள் தலையில் தங்காதபடி நன்கு அலசிவிடுங்கள்.)

நாட்டு மருந்துக் கடையில் இலந்தை இலைப்பொடி வாங்கி வந்தேன். வெந்நீரில் கரைத்ததும் நுரை எழுந்தது; அம்மா அந்த வாசனையை உடனே அறிந்துகொண்டார்கள்.

"அத்தாவைக் குளிப்பாட்டினது இதிலதானேமா?"

"ஆமாம்மா."

சிறிது நேரம் கிண்ணத்தையே பார்த்திருந்தார்கள். பிறகு தாமாகவே தலையைக் குனிந்து கொடுத்தார்கள். சிக்கெடுத்து முடிக்க அஸர் ஆகிவிட்டது. இடையில் ஒருமுறை, "அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுடாதே, நாலு மாசம் பத்து நாள் முடியட்டும்" என்றார்கள். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.