இளங்கோயில்

மூத்தவர்களை நம்பி இவ்வாண்டுக் கோப்பைக்கு ஆடுவதா, இளையவர்களுக்கு இடம்விட்டுச் சில ஆண்டுகள் தோற்பதா? எந்த அணியும் ஒருநாள் இக்கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் அதனை 2025இல் சந்தித்தது. பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றி. ஐந்து முறை கோப்பை வென்ற அணி முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அடி அண்ணாமலையிலிருந்து இவ்வணியைத் தொடர்ந்து வரும் எங்களுக்கு அந்த வேனில் எளிதாகக் கழியவில்லை.

தோற்றுத்தான் வளரவேண்டும் என்போர் அமெரிக்க பேஸ்பாலைச் சுட்டுவர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011 முதல் 2013 வரை ஆண்டுதோறும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. 2017இல் பட்டம் வென்றது. அங்கே பின்தங்கிய அணிக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை உண்டு. ஐபிஎல்லில் அப்படியொரு சலுகை இல்லை. கடைசி இடத்தில் நின்றவரும் அதே ஏலத்தில்தான் கையுயர்த்த வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும் ஏலமோ, வளர்த்த பிள்ளைகளில் பலரையும் கலைத்துவிடும். ஆகவே இங்கே தோல்வி முதலீடு ஆகாது, வெறும் தோல்விதான்.

அப்படியானால் வழி என்ன? எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோயில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் அருளைச் சிறியதோர் இடத்தில் எழுந்தருளச் செய்து, சாரம் கட்டிய கோபுரத்தின் அருகிலேயே பூசையை நடத்துவார்கள். இளங்கோயில் என்பது அதன் பழம்பெயர். திருப்பணியும் நிற்காது, பூசையும் நிற்காது. அன்றியும், கோபுரம் விழும்வரை காத்திராமல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று மரபே கெடு வைத்திருக்கிறது.

சென்னை அணி இதனை அறியாததன்று. 2020இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தபோது, கடைசி மூன்று ஆட்டங்களிலும் ருதுராஜ் கெய்க்வாட் அரைசதம் அடித்தார், மூன்றிலும் வெற்றி. மறு ஆண்டு அவர் 635 ஓட்டங்கள், முப்பத்தேழு வயது டூ பிளெஸ்ஸி 633 ஓட்டங்கள், கோப்பையும் வந்தது. முதியோர் அணி என்று உலகம் நகைத்த அந்த அணியின் உள்ளே ஓர் இளங்கோயில் இருந்தது.

2025இலும் இளையவர்கள் வந்தார்கள்: பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, இருபத்திரண்டு வயது டெவால்ட் பிரெவிஸ். ஆனால் இருவரும் காயமடைந்தோருக்கு மாற்றாக, பாதிப் பருவம் கடந்தபின் வந்தவர்கள். திட்டமிட்டு விட்ட இடமன்று அது. தானே விழுந்த இடம்.

பின்னர் நடந்ததோ நேரெதிர். 2012 முதல் ஆடிய ஜடேஜா, 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையைத் தந்தவர், நவம்பர் 2025இல் ராஜஸ்தானுக்குச் சென்றார். சஞ்சு சாம்சன் வந்தார். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய்.

இத்துணிவை வரவேற்கிறோம்; அச்சமும் உண்டு. ஐந்து கோப்பைகளின் பாரத்தை இருபது வயதுத் தோள்களில் ஒரே நாளில் ஏற்றலாகாது. ஆண்டுக்கு இருவர் உள்ளே வரட்டும். இருவர் மரியாதையோடு விடைபெறட்டும். தோனியை இன்னும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை எங்களுக்கும் இருக்கிறது. எனினும் அணி தேர்வோர் அவ்வாசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.