சானடோரியம் நிறுத்தம்

2006-ஆம் ஆண்டுக் கோடையில் என் தங்கையின் கன்னங்கள் சிவந்தன. தாம்பரத்து வெயில் என்றாள் அம்மா. வீட்டருகே இருந்த மருத்துவர் ஒவ்வாமை என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். ஆடியில் கால் வீங்கிக் கொலுசு இறுகிற்று. சிறுநீரில் நுரை கண்டது. பார்க் நிலையத்தில் இறங்கி, எதிரிலிருக்கும் பொது மருத்துவமனைக்குப் போன பிறகுதான், சிறுநீரகத்திலிருந்து நூலளவு திசு எடுத்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார்கள். லூபஸ். இலத்தீனில் ஓநாய் என்று பொருள்.

அச்சொல்லைப் பற்றி நான் அதுவரை அறிந்திருந்தது ஒன்றுதான்: ஃப்ளானரி ஓ'கானர் அந்நோயால் 1964-இல், தம் 39-ஆம் வயதில் இறந்தார். இலக்கிய வாசகனின் அறிவு எத்தனை வேண்டாத நேரத்தில் வந்து நிற்கிறது!

உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான அணுக்கள் இறக்கின்றன. அவற்றை அகற்றும் துப்புரவு லூபஸில் சுணங்குகிறது. சிதறிக் கிடக்கும் சொந்த டி.என்.ஏ.வையே அந்நியமென எண்ணி, டி அணுக்களின் தூண்டுதலோடு பி அணுக்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. இரண்டும் பிணைந்த கூட்டுகள், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும் கிளாமருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சுகளில் படிகின்றன. நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும் அங்கே விரைகின்றன. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கான போர். வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது; நாங்கள் கண்ட நுரை அதுதான். அம்மா சொன்னதும் பாதி உண்மையே. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலணுக்களைக் கொன்று இந்நோயைக் கிளறிவிடும். தங்கை அதன்பின் ரயிலில் ஜன்னலோரம் உட்காரவில்லை.

தாம்பரத்தை விட்டால் முதல் நிறுத்தம் சானடோரியம். 1928-இல் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய இடம். பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாயிற்று, 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று. மெலிந்தவர்கள் சிலர் அங்கே ஏறுவார்கள். ஒருநாள் தங்கை தணிந்த குரலில் கேட்டாள்: "அண்ணா, அவங்களுக்கு டி செல் இல்லாமப் போகுது. எனக்கு இருக்கறது ஆட்டம் போடுது. கொஞ்சம் கொடுத்துட முடியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் அவளை நாளுக்கு நாள் அவர்களுக்கு அருகில்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பாற்றலை அடக்காமல் சிறுநீரகத்தைக் காக்க வழியில்லை. மார்கழியில் இருமல் வந்தது, மாலைக் காய்ச்சல் வந்தது. காசநோய். இம்முறை சானடோரியத்தில் நாங்களே இறங்கினோம். அதே மனிதர்களோடு மரநிழலில் வரிசையில் நின்றோம். ஒரு மூதாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார்.

தங்கை பிழைத்தாள். இன்றும் மாத்திரை நிற்கவில்லை. சிறுநீரில் புரதம் எவ்வளவு என்ற தாள் வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 20 வயதுப் பெண்ணொருத்திக்குச் செய்த சிகிச்சை 2021-இல் வெளியாயிற்று. அவளுடைய டி அணுக்களையே எடுத்து மாற்றியமைத்து, பி அணுக்களை அழிக்கும்படி திரும்பச் செலுத்தினார்கள். சிறுநீரக நோய் அடங்கியது. படித்துச் சொன்னேன். செலவைக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு இப்ப வெயில்ல நடக்கலாமாண்ணா?" என்றாள்.