அலமாரியில் ஒரு படை

நடுத்தர வயதில் பொம்மை வாங்கினால், "பேரனுக்கா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குத்தான். 28 மில்லிமீட்டர் உயர ரோமானியச் சிப்பாய்கள். போர் விளையாட்டுக்காக இதுவரை 240 பேரைச் சேர்த்திருக்கிறேன். கேடயம், தலைக்கவசம், செருப்பு வார் என்று வர்ணம் பூசி ஒருவனை முடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

இது புதுப் பைத்தியமும் அல்ல. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் இதற்கு விதிகள் வகுத்து, 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமே எழுதினார். நிஜப் போரைவிட பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது.

பழைய பிரிட்டிஷ் விதிமுறை ஒன்றின்படி ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். ஆக, என்னிடம் இருப்பது 4,800 பேர். கி.மு. 216-ல் தெற்கு இத்தாலியின் கன்னேயில் ரோமானியப் படையை ஹானிபல் சுற்றி வளைத்தார். ஒரே நாளில் செத்தவர்கள் 48,000-க்கும் மேல் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. என் மொத்தப் படையும் பத்து முறை அழிந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

சரித்திரப் புத்தகத்தில் 48,000 வெறும் எண். ஒவ்வொரு முகத்துக்கும் கண் வரைந்தவனுக்கு அப்படி இல்லை. விளையாட்டில் தோற்றவர்களை எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்கிவிடலாம். கன்னேயில் அது முடியவில்லை.