கம்பத்து உச்சியில் ஒரு தகரப் பெட்டி

ரேடியோ சரியாகக் கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டும் சாதனம் ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் போதும் என்னும் அபிப்பிராயம், ஹாம் வானொலியில் புதிதாகப் பிரவேசிக்கிறவர்களிடம் மட்டுமன்றி, பல வருஷம் பழகியவர்களிடமும் வேரூன்றியிருப்பதைக் காண்கிறேன். ப்ரீஆம்ப் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் முன்பெருக்கியை அவ்வாறு எண்ணி வாங்குகிறவர், அதை ரேடியோவின் முதுகில் செருகி, மீட்டரின் முள் மேலே தாவுவதைக் கண்டு பரவசமடைந்து, சில தினங்களுக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார். முள் ஏறியது வாஸ்தவந்தான். ஆனால் சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறிற்று. நீர் கலந்த பாலைப் பெரிய அண்டாவுக்கு மாற்றினால் நீர் பிரிந்துவிடுமா?

இரைச்சல் சேருவதற்கு முன்னரே சமிக்ஞையைத் தூக்கி நிறுத்துவதுதான் இந்தச் சின்னஞ்சிறு கருவியின் உத்தியோகம். பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஹெரால்டு ஃப்ரீஸ் 1944-ல் வெளியிட்ட கட்டுரையில் இதன் கணக்கு அடங்கியிருக்கிறது. வரிசையாக நிற்கும் பல படிகளில் முதற்படி சேர்க்கும் இரைச்சல் முழுமையாக எண்ணப்படும். பின்னால் வருகிறவற்றின் இரைச்சலோ, முன்னால் நிற்கிறவற்றின் பெருக்கத்தால் வகுபட்டு அற்பமாகிவிடும். மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து அறைக்கு இறங்கும் 20 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள், நாங்கள் புழங்கும் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபலை, அதாவது வந்ததில் பாதிக்கு மேற்பட்டதை, வழியிலேயே விழுங்குகிறது. ரேடியோவின் இரைச்சல் எண், அதாவது அது தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, 5 டெசிபல் என்று கொண்டால், ஆன்டெனாவில் நின்று பார்க்கையில் மொத்தம் 9 ஆகிறது. இரைச்சல் எண் 1 டெசிபலும் பெருக்கம் 20 டெசிபலும் உள்ள ஒரு முன்பெருக்கியை அறையில், ரேடியோவின் அருகில் வைத்தால் அந்த 9 சுமார் 5-க்கு இறங்குகிறது. அதே பெட்டியைக் கம்பத்தின் உச்சியில், கேபிளுக்கு முன்னால் வைத்தாலோ 1¼-க்கு வந்துவிடுகிறது. பொருள் ஒன்றே, விலையும் ஒன்றே. இடம் மாறியதில் விளைந்த வித்தியாசம் இவ்வளவு.

இந்த முன்பெருக்கிக்கு, நாமே பற்றவைத்துக்கொள்ளும் சில நூறு ரூபாய்க் கிட்டே போதும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸில் ஆகாயமே மௌனமாக இல்லை. பால்வீதி மண்டலத்திலிருந்து ஓயாமல் ஒரு சீறல் வந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் பட்டணத்து எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டர்களும் செல்போன் சார்ஜர்களும் தங்கள் பங்குக்குக் கிளப்புகிற இரைச்சல் வேறு. இந்த நிலையில் இரைச்சல் எண்ணை 1-லிருந்து அரை டெசிபலுக்குக் குறைப்பதற்காகப் பல ஆயிரம் செலவிடுவது அநாவசியம் என்பதே என் தீர்மானம். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிட்டால், நல்ல ஆன்டெனா இருக்கும் பட்சத்தில், இந்தக் கருவியே பெரும்பாலும் தேவையில்லை. ஆன்டெனாவைச் செருகியதும் ரேடியோவின் இரைச்சல் தானாக உயர்கிறதென்றால், வெளியுலகத்து இரைச்சலே அங்கே ஆட்சி செலுத்துகிறது என்று அர்த்தம்.

கிட்டைப் பிரித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான்கள்: ஒரு சிறு போர்டு, சில ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், இரண்டு ட்ரிம்மர்கள், காயிலுக்கு வெள்ளி முலாம் பூசிய கம்பி, எல்லாவற்றுக்கும் நாயகமாக பி.எஃப்.998 என்னும் இரட்டைக் கேட் மோஸ்ஃபெட். அது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள கரும்பொட்டு. அதன் நான்கு கால்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சற்று அகலமாயிருக்கும், அதுதான் சோர்ஸ். பூதக்கண்ணாடியில் அந்த அகலக் காலைக் கண்டுபிடித்து, போர்டில் அதற்குரிய இடத்தில் மட்டும் துளி ஈயம் வைத்து, சிமிட்டாவால் பிடித்த மோஸ்ஃபெட்டை அதில் பதித்து, நேராக அமர்ந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பின்பே மற்ற மூன்று கால்களையும் பற்றவைக்க வேண்டும். பெயரின் கடைசியில் 'ஆர்' என்னும் எழுத்தோடு வருவது கால்கள் வரிசை மாறிய வேறு உருப்படி. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தாலும் நம்பலாகாது.

காயில் சுற்றுவதில் எனக்குத் தனி இன்பம். டிரில் பிட்டின் காம்பில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி உருவியெடுத்து, சுற்றுகளுக்கிடையே நகக்கண் நுழையுமளவு இடைவெளி விட்டால் உருவம் கிடைத்துவிடும். சுற்றுகளை இன்னும் கொஞ்சம் விலக்கினால் அலைவெண் மேலே போகும், நெருக்கினால் கீழே இறங்கும். ட்ரிம்மரை இரும்புத் திருப்புளியால் தொட்டால் தொட்டதே ட்யூனைக் கெடுக்கும் என்பதால் பிளாஸ்டிக்கில் செய்ததைத்தான் உபயோகிப்பது. இங்கேதான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது: முள் அதிகபட்சம் ஏறுகிற இடமும் இரைச்சல் மிகக் குறைவாக இருக்கிற இடமும் ஒன்றல்ல. தூரத்து ரிப்பீட்டர் ஒன்றின் மங்கலான சமிக்ஞையை வைத்துக்கொண்டு, மீட்டரை மறந்து, பேச்சின் பின்னணியிலுள்ள சீறல் எங்கே தணிகிறதென்று காதால் தேட வேண்டும். உச்சத்திலிருந்து சற்றே விலகிய இடத்தில் அது தட்டுப்படும்.

50 முதல் 4000 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் பெருக்கும் தயார்ப் போர்டுகள் இதைவிடவும் மலிவாகக் கிடைக்கின்றன. ட்யூன் செய்யும் தொல்லையும் அவற்றில் இல்லை. ஆனால் பட்டணத்தில் 88 முதல் 108 வரை முழங்கும் பண்பலை நிலையங்களையும் அவை பாரபட்சமின்றித் தூக்கி ரேடியோவின் தலையில் கொட்டுவதால், இல்லாத இடத்தில் இல்லாத நிலையங்கள் முளைக்கின்றன. பண்பலையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை முன்னால் வைத்தாலன்றி அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கம்பத்தில் ஏற்றுவதென்றால் ஐப்பசி கார்த்திகை மழையையும் நினைக்க வேண்டும். போர்டைத் தகரப் பெட்டியில் ஈயமிட்டு மூடி, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் அடியில் மட்டும் ஒரு சிறு துளை விட்டால், உள்ளே வேர்த்துக் கட்டும் நீர் வடிந்துபோகும். கேபிளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுவராவிட்டால் தண்ணீர் அதன் வழியே கனெக்டருக்குள் இறங்கி, உள்வலைப் பின்னலைக் கறுக்கவைத்துவிடும். 12 வோல்ட் மின்சாரத்தையும் அதே கேபிளின் நடுக்கம்பியிலேயே அனுப்பலாம். ஒரு சோக்கும் ஒரு கெபாசிட்டரும் இரண்டையும் பிரித்துக்கொடுக்கும். ஒலிபரப்பவும் அதே ஆன்டெனாதான் என்றால், அப்போது முன்பெருக்கியை விலக்கிவிடும் ரிலே அவசியம். இல்லாவிட்டால் முதல் முறை மைக்கை அழுத்தும்போதே மோஸ்ஃபெட் பரலோகம் சேரும்.

இத்தனை பிரயாசையும் எதற்கென்று கேட்பவருக்கு ஏ.ஓ.7 என்னும் ஹாம் வானொலிச் செயற்கைக்கோளைக் கேட்கச் செய்வது என் வழக்கம். 1974 நவம்பரில் ஏவப்பட்டு, 1981-ல் பாட்டரி பழுதாகி மரித்ததாகக் கருதப்பட்ட அது, 2002-ல் மீண்டும் பேசத் தொடங்கிற்று. சூரிய வெளிச்சம் படும்போது மட்டும் இயங்குகிறது. 145.95 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அதன் வழியே வரும் குரல்களும் மோர்ஸ் ஒலிகளும், முன்பெருக்கியின் மின்சாரத்தை நிறுத்தியதும் இரைச்சலில் அமிழ்ந்து, கொடுத்ததும் மேலெழும்பும். ஒன்றே இவ்வளவு செய்யுமானால் இரண்டை வரிசையாக வைக்கலாமே என்று அப்போது யாராவது ஆரம்பிப்பார். முதற்படியின் 20 டெசிபலே கேபிளின் இழப்பையும் ரேடியோவின் இரைச்சலையும் மறைத்துவிட்ட பிறகு, இரண்டாவது சேர்ப்பதற்கு மிச்சமிருப்பது பக்கத்துப் பண்பலை நிலையம் மட்டுமே.