மென்பொருளுக்கும் ஒரு பாகப் பட்டியல்

மெக்கானிக்கல் மாணவர்கள் அசெம்பிளி டிராயிங் போடும்போது, லேத்தில் தாங்கள் கடையும் பாகம் எது, கடையில் வாங்கும் பேரிங் எது என்று பட்டியலில் பிரித்து, சைஸோடு எழுதுவார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் எனக்கு அதன் அருமை இறுதியாண்டு புராஜெக்டில்தான் தெரிந்தது.

சீனியர் அண்ணன்கள் விட்டுச்சென்ற கணக்கீட்டு மென்பொருள் எங்க கம்ப்யூட்டரில் ஓடவே மாட்டேன் என்றது. புரோகிராமில் குறை இல்லை; அது நம்பியிருந்த நம்பை நூலகம்தான் மாறியிருந்தது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்ததும், பழைய 1 வரிசைக்காகக் கம்பைல் செய்த தொகுப்புகள் பல அதனுடன் ஒத்துப்போகவில்லை. எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்!

பெரிய மென்பொருள்களில் என்னதான் செய்கிறார்கள்? துகள்கள் பொருளுக்குள் பாய்வதைக் கணக்கிடும் ஜியான்ட்4-ஐப் பாருங்கள். 1998-இல் வெளியான அதற்கு சிஎல்ஹெப் என்ற நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2011-இல் வந்த 9.5 பதிப்பில், தேவையான பகுதியைத் தங்களுடனேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனாலும் சொந்த நிரலோடு கலக்கவில்லை. வெளியார் நிரலுக்கென்றே தனி ஃபோல்டர். வெளியில் நிறுவியதைத்தான் பயன்படுத்துவேன் என்பவருக்கும் வழி உண்டு.

நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போய்விடுவோம். அடுத்த பேட்ச் தம்பி, தங்கைகள் நம் புராஜெக்டைத் திறப்பார்கள். நமக்கு வந்த விடையே அவர்களுக்கும் வர வேண்டாமா? ஒப்படைக்கும் முன் சொந்த நிரலையும் இரவல் நூலகங்களையும் பிரித்து வையுங்கள். பதிப்பு எண்களை எழுதுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்!